பழைய பேய்த்தொடர் திரும்பி வந்திருக்கிறது; வன்னி வீட்டில் எதைப் போடுவது?

"நாங்கள் சின்னனில் பார்த்த கூஸ்பம்ப்ஸ் திரும்ப வந்திட்டுது, பிள்ளையளுக்குக் காட்டு" என்று கனடாவில் இருந்து சித்தப்பா ஒரு செய்தி அனுப்புகிறார். கிளிநொச்சியில் இருக்கிற அம்மா தேடிப் பார்த்தால் அதே பெயரில் இரண்டு தொடர், இரண்டு படம், பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பழைய தொடர் (ஆர் யூ அஃப்ரெய்ட் ஒஃப் த டார்க்), அதற்கும் ஒரு புது வடிவம். ஒன்பதாம் ஆண்டு படிக்கிற மூத்தவனுக்குப் புதியதுதான் வேண்டும். ஏழு வயதுச் சின்னவள் "நானும் பார்ப்பன்" என்று பாயை விரித்து முன்னுக்கு இருக்கிறாள். அம்மம்மாவும் பக்கத்தில்தான். இதில் எதைப் போடுவது என்று கேட்டு எழுதியவர்கள் பலர், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தத் தொடர்களைப் பற்றி வெளியில் எழுதப்படுகிறதெல்லாம் "சின்ன வயசு ஞாபகம்" என்ற இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. அந்த ஞாபகம் வன்னியில் வளர்ந்த பெற்றோருக்கு இல்லை. கூஸ்பம்ப்ஸ் முதன்முதலில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது 1995 ஒக்டோபர் 27. மூன்று நாள் கழித்து, 30ஆம் திகதி, வலிகாமத்துச் சனம் மொத்தமாக எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அதில் ஒரு பகுதி பிறகு கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் இங்கே கரண்ட் இல்லை, பற்றரிக்கும் எரிபொருளுக்கும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். படம் பார்ப்பதென்றால் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து அயலட்டம் எல்லாம் கூடி இருந்து பார்ப்பது. ஆகவே சித்தப்பாவுக்குத்தான் அது திரும்பி வந்த தொடர். உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் அது முதல் தடவை. "அந்தக் காலத்துச் சுவை இதில் இல்லையே" என்ற கவலை உங்களுக்கு இல்லாததால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நம் வீட்டுக்குச் சரி என்று மட்டும் பார்க்கலாம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

யார் யார் இருக்கப் போகிறார்கள். நம் வீடுகளில் ஒரு ரீவி, அல்லது ஒரு போனைக் கதிரையில் சாய்த்து வைத்து நாலு பேர். "பதினான்கு வயதுக்கு மேல்" என்று போட்டாலும் ஏழு வயதும் பார்க்கத்தான் போகிறது. எனவே வீட்டில் மூத்தவருக்கு எது பிடிக்கும் என்பதைவிட, அந்த இடத்தில் இருக்கிற ஆகச் சின்ன ஆளுக்கு எது தாங்கும் என்பதே முதல் கேள்வி.

எந்த வகைப் பயம். நான் அதிகம் கவனிக்கச் சொல்வது இதைத்தான். முகமூடி, பேசுகிற பொம்மை, கோமாளிப் பேய் எல்லாம் ஒரு வகை. நிலத்துக்குக் கீழே ஒளிந்திருப்பது, வீடு எரிவது, ஒரு பிள்ளை காணாமல் போவது இன்னொரு வகை. ரொறன்ரோவில் இரண்டும் ஒரே மாதிரிப் பொழுதுபோக்காக இருக்கலாம். முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்து வந்த ஒருவர் இருக்கிற வீட்டில் இரண்டாவது வகை வேறு.

மொழி. கடைசியில் வருகிற மர்மதேசம் என்ற தமிழ்த் தொடரைத் தவிர எல்லாமே ஆங்கிலம். ஆங்கிலத்தில் வசனவரி போட்டால் பதின்மூன்று வயதுக்காரர் சமாளிப்பார், ஏழு வயதுக்கு யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும், அம்மம்மாவுக்கு "இப்ப ஆர் செத்தது?" என்று கேட்க வேண்டியிருக்கும்.

டேட்டாவும் திரையும். சாதாரண தரத்தில் மணித்தியாலத்துக்கு 0.7 முதல் 1 ஜிபி வரை போகும், எச்டியில் 3 ஜிபி வரை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

கதை முடியுமா. பாடசாலை நாளில் ஒரு துண்டு பார்த்துவிட்டு எழும்பிப் போகக்கூடியதா, அல்லது ஒன்று பார்த்தால் அடுத்ததையும் பார்த்தே ஆக வேண்டியதா. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

| தொடர் | அளவு | வயது (என் கணிப்பு) | எங்கே பயமுறுத்தும் | நடுவில் நிறுத்தலாமா |
|---|---|---|---|---|
| பழைய கூஸ்பம்ப்ஸ், 1995–98 | 74 அத்தியாயம், ஒன்று 22 நிமிடம் அளவில் | 9 முதல் | முகமூடி, பொம்மை, கமரா, கடைசி நிமிடத் திருப்பம் | தாராளமாக |
| புதிய கூஸ்பம்ப்ஸ், 2023–25 | 10 + 8 அத்தியாயம், நீளமானவை | 14–15 முதல் | பெற்றோர் மறைத்த குற்றம், எரிந்த வீடு, காணாமல் போனவர்கள் | முடியாது |
| பழைய ஆர் யூ அஃப்ரெய்ட் ஒஃப் த டார்க், 1990–2000 | 91 அத்தியாயம், அதே அரை மணிக் கணக்கு | 8 முதல், தெரிந்தெடுத்தால் | ஊர்ப் பேய்க்கதை மாதிரி | தாராளமாக |
| அதன் புது வடிவம், 2019–22 | 3 + 6 + 4 | 10 முதல் | கெட்ட கனவு நிஜமாவது, நிழல் மனிதன் | பருவத்துக்குள் முடியாது |
| மர்மதேசம், 1990கள் | நீண்ட தொடர்கதைகள் | 13 முதல், பெரியவர்களோடு | கிராமத்துத் தெய்வம், கொலை | முடியாது |

அட்டவணை இவ்வளவுதான் சொல்லும். மிச்சம் கீழே.

## பழைய கூஸ்பம்ப்ஸ்

ஆர்.எல். ஸ்டைன் எழுதிய சிறுவர் புத்தகங்களில் இருந்து எடுத்தது. முதல் புத்தகம் 1992இல் வந்தது, அந்த முதல் வரிசையிலேயே 62 புத்தகம். தொடரை எடுத்தது ரொறன்ரோவையும் அதைச் சுற்றியும். நம் உறவுக்காரர் பலர் அந்தக் காலத்தில் போய் இறங்கிய அதே ஊர், அதே குளிர், அதே செங்கல் வீடுகள். அதனால்தானோ என்னவோ அங்கே வளர்ந்தவர்களுக்கு இதில் அவ்வளவு பிடிப்பு.

பெரும்பாலும் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை. முதலில் வந்த முகமூடிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பயமுறுத்தி விளையாடுகிற ஒரு பிள்ளை, தானும் ஒருமுறை மற்றவர்களைப் பயமுறுத்திப் பார்க்க ஒரு கோரமான முகமூடியை வாங்கிப் போடுகிறாள். இரவு முடிந்து கழற்றப் போகிறாள். கழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்கிறாள். முகமூடி முடிந்து தோல் தொடங்குகிற விளிம்பே இல்லை. இரத்தம் இல்லை, சத்தம் இல்லை, விரல் தேடுகிறது, அவ்வளவுதான். முப்பது வருடம் ஆன பிறகும் அந்த இடத்தில் பிள்ளைகள் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இதை எடுத்தவர்களுக்குக் காசு குறைவு, தந்திரக் காட்சிகள் இன்றைக்குப் பார்த்தால் பொம்மலாட்டம்தான், ஆனால் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து எடுத்திருக்கிறார்கள்.

மொழியும் உதவி. வசனம் எளிது, நடிகர்கள் தெளிவாகப் பேசுகிறார்கள், ஆங்கில வசனவரியோடு பார்க்கிற ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது ரியூசனில் கிடைக்காத பயிற்சி. ஹாலோவீன் என்ன என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏன் எல்லோரும் வேடம் போட்டு வீடு வீடாகப் போகிறார்கள் என்ற கேள்வியிலேயே பாதிக் கதை போய்விடும்.

டேட்டாக் கணக்கிலும் இதுதான் மலிவு. ஒரு அத்தியாயம் 0.4 ஜிபிக்குள் முடியும். பழைய சதுரத் திரைக்கு எடுத்ததால் எச்டியில் போட்டாலும் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை, குறைந்த தரத்திலேயே பாருங்கள்.

மறைந்திருக்கிற செலவுகள் இரண்டு. ஒன்று, கடைசி நிமிடம். எல்லாம் சரியாகிவிட்டது என்று மூச்சு விடும்போது பொம்மை கண்ணைச் சிமிட்டும், அல்லது பேய் வேறொருவருக்குள் போயிருக்கும், அத்தோடு பெயர் ஓடத் தொடங்கிவிடும். பெரிய பிள்ளைகளுக்கு அதுதான் சுவை. ஏழு வயதுக்கு அது படுக்கைக்குக் கூடவே வரும், அதிலும் கழிப்பறை முற்றத்துக்கு வெளியே இருக்கிற வீடென்றால் அன்றிரவு யாராவது ரோச் பிடித்துக்கொண்டு கூடப் போக வேண்டும். முடிந்தவுடன் போனை அணைத்துவிட்டு எழும்பாமல் ஐந்து நிமிடம் இருந்து கதையுங்கள். இரண்டு, பல கதைகள் இரண்டு பாகம். கடையில் பென்னில் ஏற்றிக் கொண்டுவருகிற பிரதிகளில் முதல் பாகம் இருக்கும், இரண்டாவது இருக்காது, வரிசை குழம்பியிருக்கும், வசனவரியும் இருக்காது. இருபது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் பிள்ளையை முகமூடியோடு நடுவழியில் விடாதீர்கள்.

இது யாருக்கு: ஒன்பது முதல் பதின்மூன்று வயது, பாடசாலை நாட்கள், டேட்டா குறைவு, ஆங்கிலம் வளர வேண்டும் என்று நினைக்கிற வீடு.

## புதிய கூஸ்பம்ப்ஸ்

சித்தப்பா சொன்ன "திரும்ப வந்தது" இதுதான். 2023 ஒக்டோபர் 13இல் டிஸ்னி பிளஸ், ஹுலு என்ற சந்தா கட்டிப் பார்க்கிற இணையத் தளங்களில் தொடங்கியது. பெயர் அதே, பொம்மையும் முகமூடியும் கமராவும் வந்து போகின்றன, ஆனால் அமைப்பு முழுக்க வேறு. தனிக்கதைகள் இல்லை; உயர்தரம் படிக்கிற வயதில் இருக்கிற ஐந்து பேர், ஒரு பழைய வீடு, 1993இல் அந்த வீட்டில் தீயில் இறந்த ஒரு பெடியன், அதைப் பற்றி வாய் திறக்காத பெற்றோர். பத்து அத்தியாயமும் அந்த ஒரே முடிச்சைத்தான் அவிழ்க்கின்றன.

நல்ல தொடர் என்றே சொல்வேன். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் தங்கள் பெற்றோர் முன்பு யாராக இருந்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று தேடுவது வெறும் பேய்க்கதை இல்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி உண்டு. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை, அம்மாவின் காலில் இருக்கிற தழும்பை நாளாந்தம் பார்க்கிறது, கேட்டால் "அது அப்ப பட்டது" என்ற ஒரு பதில். அந்தப் பிள்ளை இந்தத் தொடரைத் தனியாக இருந்து பார்த்தால் மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று அதற்குக் கிடைக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அதே தொடரை அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்த்தால்? முதல் காட்சிகளிலேயே நிலவறை, தீ. நம் ஊர் வீடுகளில் நிலவறை கிடையாது. சின்னவள் "அது என்ன இடம்?" என்று கேட்டால் பெரியவர்கள் வாயில் வருகிற விளக்கம் "பங்கர் மாதிரி" என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு அந்தக் காட்சியைத் தொடர்ந்து பார்ப்பது எல்லோருக்கும் இலேசு இல்லை.

இரண்டாம் பருவம் 2025 ஜனவரி 10இல் எட்டு அத்தியாயமும் ஒன்றாக வந்தது. புதிய கதை, புதிய ஆட்கள். நியூயோர்க்கின் புரூக்ளினில் கோடை விடுமுறைக்கு அப்பாவிடம் வருகிற இரட்டையர்கள். 1994இல் ஒரு பழைய கோட்டைக்குள் போன நாலு இளையவர்கள் திரும்பவில்லை, அதில் ஒருவர் அந்த அப்பாவின் சொந்த அண்ணன். முப்பது வருடம் கழிந்தும் அந்தக் குடும்பம் அதில் இருந்து வெளியே வரவில்லை. "காணாமல் போதல்" என்பதையே அந்தப் பருவத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

இதை நான் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இருக்கிறார்கள். கையில் பிள்ளையின் படம். அந்தத் தாய்மாரில் ஒருவர் உங்கள் வீட்டு அம்மம்மாவாக, பெரியம்மாவாக, பக்கத்து வளவு அக்காவாக இருக்கலாம். போனவர் வருவார் என்ற நம்பிக்கையை ஒரு பேய்த்தொடர் தன் கதைக்கு எரிபொருளாக எடுப்பதைப் பார்க்க வைக்க வேண்டியதில்லை. தொடரை எடுத்தவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்கள் நம்மை நினைத்து எடுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் போடுவது என்பது நம் கையில் இருக்கிறது. அப்படியொரு ஆள் வீட்டில் இருந்தால் இரண்டாம் பருவத்தை ஹோலில் போடவே வேண்டாம். மூத்த பிள்ளை தனியாக, காதில் மாட்டிக்கொண்டு பார்க்கட்டும், ஏன் அப்படி என்று அந்தப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

மற்றச் செலவுகள். இது இருட்டிலேயே எடுத்த தொடர். விறாந்தையில் ரியூப் லைட் எரியும்போது போன் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், குறைந்த தரத்தில் போட்டால் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். ஒழுங்காகப் பார்க்க எச்டி வேண்டும். முதல் பருவம் ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும், அதாவது 20 ஜிபி அளவில். சந்தா கட்டமுதல் அந்தத் தளம் இலங்கை இணைப்பில் திறக்கிறதா, அதில் இந்தத் தொடர் இருக்கிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் பட்டியல் வேறு. சித்தப்பாவின் கணக்கில் அங்கே தெரிவது இங்கே தெரியாமல் போகலாம்.

அப்புறம் இன்னொன்று, இரண்டு பருவத்தோடு 2025 ஓகஸ்டில் இதை நிறுத்திவிட்டார்கள். முதல் பருவத்தின் கடைசியில் ஒரு நூலைத் தொங்க விட்டிருப்பார்கள். இரண்டாம் பருவம் வேறு கதை என்பதால் அந்த நூலை யாரும் எடுத்துக் கட்டவில்லை. கதை முழுமையாக முடிய வேண்டும் என்று அடம் பிடிக்கிற பிள்ளைக்கு இதை முதலே சொல்லிவிடுங்கள்.

இது யாருக்கு: பதினான்கு பதினைந்துக்கு மேல், விடுமுறையில், தனியாகவோ ஒத்த வயதுக்காரரோடோ. முதல் பருவம் போதும் என்பது என் எண்ணம்.

(இடையில் 2015, 2018 இரண்டு கூஸ்பம்ப்ஸ் படங்களும் வந்தன. நகைச்சுவை அதிகம், பயம் குறைவு, ஒரே இருப்பில் முடிந்துவிடும். பேய்த்தொடரே வேண்டாம், ஆனால் பிள்ளை கூஸ்பம்ப்ஸ் என்று அழுகிறது என்றால் முதல் படத்தைப் போடலாம்.)

## பழைய ஆர் யூ அஃப்ரெய்ட் ஒஃப் த டார்க்

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இது. 1990 ஹாலோவீனில் கனடாவில் முன்னோட்டம், 1992 முதல் நிக்கலோடியன் என்ற அமெரிக்கச் சிறுவர் அலைவரிசையில் தொடராக, 1996 வரை 65 அத்தியாயம். பிறகு 1999இலும் 2000இலும் இன்னும் 26. மொன்றியல் பக்கம் எடுத்தது.

காட்டுக்குள் ஒரு நெருப்பு, சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு கிழமையும் ஒருவர் கதை சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கமுதல் பையில் இருந்து ஒரு பிடி தூளை எடுத்து நெருப்பில் எறிவார், நெருப்பு குப்பென்று எழும்பும். உண்மையில் அது கோப்பிக்குக் கலக்கிற பால்மா மாதிரித் தூள்தானாம், தொடரை உருவாக்கிய டி.ஜே. மக்ஹேல் சொன்னது. பிறகு கதை. கதை முடிந்ததும் நெருப்பில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்த ஒரு வாளி தண்ணீர்தான் நான் இதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யக் காரணம். கூஸ்பம்ப்ஸ் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போகும். இது சாத்திவிட்டுப் போகும். எவ்வளவு பயமான கதையாக இருந்தாலும் கடைசியில் அதைச் சொன்னது ஒரு அக்கா, கேட்டது மற்றப் பிள்ளைகள், நெருப்பு அணைந்தது, எல்லோரும் பத்திரம் என்று கண்ணால் காண்கிறார்கள்.

நம் ஊருக்கும் இது ஒட்டும். முனிக்கதையும் கொள்ளிவாய்ப் பேயும், குளக்கட்டில் நடுச்சாமத்தில் நின்ற வெள்ளை உருவமும் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து பெரியம்மா கதை சொன்னதும் இதே அமைப்புத்தான். இரண்டு மூன்று அத்தியாயம் பார்த்த பிள்ளைகள் தாங்களே கதை சொல்லத் தொடங்குவார்கள், கரண்ட் போகிற இரவுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. அம்மம்மாவையும் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். மொழிப் பிரச்சினைக்கு நான் கண்ட ஒரே தீர்வு அது.

இங்கேயும் தெரிந்தெடுக்க வேண்டும். நீச்சல் குளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பேய் கால் பிடித்து இழுக்கிற கதை ஒன்று இருக்கிறது, தொடரிலேயே ஆகப் பயங்கரமானது என்று பலர் சொல்வது. இரணைமடு வாய்க்காலில் பிள்ளைகள் குளிக்கப் போகிற பக்கத்தில், அல்லது குளத்தில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில், அதைத் தவிருங்கள். தனித்துப்போன பேய்ப்பிள்ளையின் கதை ஒன்றும் இருக்கிறது, இறந்துபோன மகளைத் தேடி வருடக்கணக்காகக் காத்திருந்த தாய் கடைசியில் அவளோடு சேர்வாள். அழகான கதை, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் போடுங்கள். ஒரு வீட்டில் அது ஆறுதலாக இருக்கும், இன்னொரு வீட்டில் இருக்காது, அதை வெளியில் இருந்து சொல்ல முடியாது.

படத்தின் தரம் மங்கல், உடுப்பும் தலைமுடியும் பழசு, பதினைந்து வயதுக்காரர் "இதென்ன பழைய சாமான்" என்று எழும்பிப் போகக்கூடும்.

இது யாருக்கு: எட்டு முதல் எண்பது வரை ஒரே பாயில் இருக்கிற வீடு. கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலானோரின் வீடு இதுதான்.

## அதன் புது வடிவம்

2019 ஒக்டோபரில் மூன்று அத்தியாயம், 2021இல் ஆறு, 2022இல் நாலு. மூன்றும் மூன்று தனிப் பருவம், ஒவ்வொன்றிலும் வேறு பிள்ளைகள். நெருப்பைச் சுற்றி இருந்து சொன்ன கதை நிஜமாகவே நடக்கத் தொடங்கினால் என்ன என்பதுதான் இதன் திருப்பம். முதல் பருவத்தில் ஒரு சிறுமியின் கனவில் வந்த களியாட்டக்காரன் அப்படியே ஊருக்குள் வந்து கூடாரம் அடிக்கிறான்.

புதிய கூஸ்பம்ப்ஸை விட வயது குறைந்தவர்களுக்கு, அளவும் சின்னது. ஏப்ரல் விடுமுறையில் மூன்று இரவில் முதல் பருவம் முடியும், கதையும் முடியும். ஆனால் பழையதில் இருந்த அந்த வாளித் தண்ணீரின் பாதுகாப்பு இதில் இல்லை, ஏனென்றால் பயம் நெருப்பைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. இரண்டாம் பருவமும் ஒரு பெடியன் காணாமல் போவதில்தான் தொடங்குகிறது, ஆகவே மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். எட்டு வயதுக்குப் பழையது, பத்துக்கு மேல் இது என்று பிரித்துக்கொள்ளலாம்.

## மர்மதேசம்?

"ஆங்கிலமே வேண்டாம், தமிழில் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, சன் டிவியில் தொண்ணூறுகளில் வந்தது. விடாது கருப்பு இப்போது பார்த்தாலும் பிடித்து இருத்திவிடும். அம்மம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, காவல் தெய்வம் என்றால் என்ன என்று வட்டாப்பளை அம்மனுக்கும் ஊர் ஐயனாருக்கும் பொங்கல் வைத்தவருக்குத் தெரியும்.

ஆனால் அது இளையோருக்கென்று எடுத்த தொடர் இல்லை. கொலை வருகிறது, சொத்துத் தகராறு வருகிறது, கதை மெதுவாக நகர்கிறது, தொடங்கினால் கிழமைக்கணக்கில் போகும். பெரியவர்கள் பார்க்க, பதின்மூன்றுக்கு மேற்பட்டவர்கள் கூட இருக்கலாம். கூஸ்பம்ப்ஸுக்குப் பதிலாக அல்ல, அதற்குப் பக்கத்தில்.

## எங்கே தொடங்குவது

சின்னவர்கள் இருக்கிற வீடு என்றால் பழைய ஆர் யூ அஃப்ரெய்டில் கோமாளியின் மூக்குக் கதை. பந்தயத்துக்காக ஒரு பெடியன் பேய்வீட்டுக் கோமாளியின் சிவப்பு மூக்கைத் திருடிக்கொண்டு வருகிறான், கோமாளி தன்ரை சாமானைத் திருப்பிக் கேட்கிறான். பயமும் இருக்கும், சிரிப்பும் வரும், கடைசியில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதோடு முடியும். அதை எட்டு வயது தாங்கினால் அடுத்ததற்குப் போகலாம். நடுவில் முகத்தைப் பொத்தினால் அன்றைக்கு அத்தோடு போதும்.

பத்து வயதுக்கு மேல் என்றால் பழைய கூஸ்பம்ப்ஸின் முகமூடி. அதன் இரண்டு பாகமும் சேர்ந்து முக்கால் மணித்தியாலம் வரும். இரண்டாம் பாகம் கையில் இருக்கிறதா என்று முதலே பாருங்கள், இரவு எட்டு மணிக்குப் பிறகென்றால் அன்றைக்குத் தொடங்காமல் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.